கதை எழுதுகிறவர் அரசியல் பேசலாமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தது. படைப்பெழுத்தாளர் அரசியல் பேசலாமா, பேசினால் அவரோடு எப்படி முரண்படுவது என்பதே அது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்திருக்கிறேன்.

கேள்வி: நான் விரும்பிப் படிக்கும் நாவலாசிரியர் ஒருவர் அண்மைக் காலமாகக் கதைகளைக் குறைத்துக்கொண்டு அரசியல் கட்டுரைகளையே எழுதி வருகிறார். அவருடைய கருத்துகள் எனக்கு உவப்பானவை அல்ல என்பது ஒருபுறம் இருக்கட்டும். அரசியல் பேச ஆயிரம் பேர் இருக்கும்போது, நல்ல கதை எழுதத் தெரிந்த சிலரும் அங்கே போய் நிற்கத்தான் வேண்டுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு மனக்குறைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவர் கதை எழுதுவதைக் குறைத்துக்கொண்டார் என்பது ஒன்று. அவர் பேசும் அரசியல் உங்களுக்கு ஒப்பவில்லை என்பது மற்றொன்று. இரண்டாவதை ‘ஒருபுறம் இருக்கட்டும்’ என்று நீங்கள் ஒதுக்கிவிட்டாலும், அவர் உங்கள் கருத்தையே எழுதியிருந்தால் இந்தக் கடிதம் எனக்கு வந்திருக்குமா என்று எண்ணிப் பாருங்கள். எழுத்தாளர் அரசியல் பேசக் கூடாது என்போரில் பெரும்பாலோர், தமக்குப் பிடிக்காத அரசியலைப் பேசக் கூடாது என்பதையே அவ்வாறு சொல்கிறார்கள் என்பது நான் கண்டது.

பேச வேண்டும் என்று அவருக்கு யாரும் கட்டளையிட முடியாது. பேசாதே என்று தடுக்கவும் முடியாது. தமிழில் இந்த வழக்கம் இன்று நேற்று வந்ததும் அன்று. சோழர் குடியில் பிறந்த நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட, அதே குடியில் பிறந்த நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தபோது, கோவூர் கிழார் பாடியது புறநானூற்றின் 45ஆம் பாட்டு. உன்னை எதிர்ப்பவன் பனந்தோடு சூடிய சேரனும் அல்லன், வேப்பந்தார் அணிந்த பாண்டியனும் அல்லன், உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி என்று தொடங்கி, ‘ஒருவீர் தோற்பினும் தோற்பநும் குடியே’ என்று சொல்லி, இருவரும் வெல்வது இயற்கையிலேயே இல்லாத ஒன்று என்று முடிவுகட்டுகிறார். இதைவிட நேரடியான அரசியல் பேச்சு வேறு என்ன இருக்க முடியும்? ஆனால் அவர் எந்தப் பக்கத்துக்கும் படைத்தலைவராகப் போகவில்லை. இரண்டு மாலையும் ஒரே பூவால் கட்டப்பட்டவை என்பதை, படை நடத்துகிறவர்கள் பார்க்க மறந்த அதை, அவர் பார்த்துச் சொன்னார். அரசியலில் கவிஞருக்கு உரிய இடம் எது என்று கேட்டால் நான் இந்தப் பாட்டைத்தான் காட்டுவேன்.

அந்த இடத்தைத் தாண்டினால் அவருடைய சொல்லுக்குத் தனி எடை கிடையாது. நாவலாசிரியர் என்பதாலேயே வரி விகிதம் பற்றியோ எல்லைத் தகராறு பற்றியோ ஒருவர் சொல்லும் கருத்து மேலானதாகிவிடாது. அங்கே அவரும் செய்தித்தாள் படிக்கும் மற்றொரு குடிமகனே. ஆனால் ஒரு சட்டம் ஒரு வீட்டுக்குள் நுழையும்போது அங்கே யார் யாருடைய முகத்தைப் பார்க்கிறார்கள், அதிகாரம் கைக்கு வந்த மனிதன் தன் பழைய நண்பனிடம் எந்தக் குரலில் பேசுகிறான், அச்சம் கொண்டவன் எப்படிப் பொய் சொல்கிறான் என்பவற்றையெல்லாம் கூர்ந்து நோக்குவதையே தொழிலாகக் கொண்டவர் அவர். அந்த நோக்கிலிருந்து அவர் பேசுகையில் நாம் கூடுதலாகக் காது கொடுப்பது தகும்.

கதைகள் குறைந்துவிட்டன என்ற உங்கள் முதல் குறை நியாயமானது. அன்றாட நிகழ்வுகளுக்கு ஓயாமல் பதில் சொல்லிக்கொண்டிருப்பவருக்கு நாவல் கேட்கும் நீண்ட தனிமை வாய்ப்பதில்லை. கோபம் முழுவதும் கட்டுரையிலேயே தீர்ந்துபோனால் கதைக்கென்று எதுவும் மிஞ்சுவதுமில்லை. இருந்தாலும் இந்தக் கணக்கு எல்லாருக்கும் ஒரே விதமாக முடிவதில்லை. பாரதியாரை 1908இல் புதுச்சேரிக்குத் துரத்தியது அவருடைய அரசியல் எழுத்து. அங்கே அவர் கழித்த பத்தாண்டுகளில்தான் பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பிறந்தன. உங்கள் நாவலாசிரியர் எந்த வகை என்பது அவருடைய அடுத்த நாவல் வரும்வரை எனக்கும் உங்களுக்கும் தெரியப்போவதில்லை.

கேள்வி: பெரிய அநீதி நடக்கும்போது ஒரு வார்த்தையும் பேசாத எழுத்தாளரை எப்படி மதிப்பது? மௌனமும் ஒரு பக்கத்தைச் சார்வதுதானே?

பதில்: சில வேளைகளில் ஆம். விருதுக்காகவோ பதவிக்காகவோ, நடப்பது தெரிந்தும் வாயை மூடிக்கொள்பவரை நானும் மதிக்கமாட்டேன். ஆனால் ஒருவருடைய மௌனத்துக்குக் காரணம் அதுதான் என்பதை வெளியிலிருந்து நாம் எப்படி அறிவோம்? ஒரு நிகழ்வு நடந்த அன்று மாலைக்குள் எல்லா எழுத்தாளர்களும் கண்டன அறிக்கை விட்டாக வேண்டும் என்று எதிர்பார்ப்பது, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதைப் போன்றது. யார் வந்தார், யார் வரவில்லை என்பது தெரியுமே ஒழிய, வந்தவர் என்ன நினைத்தார் என்பது தெரியாது.

1948இல் ஐதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த நாட்களை, அங்கே வளர்ந்த இளைஞராகக் கண்டவர் அசோகமித்திரன். அதைப் பற்றிய ‘18வது அட்சக்கோடு’ நாவல் ஏறக்குறைய 30 ஆண்டுகள் கழித்தே வெளிவந்தது. அதில் முழக்கம் எதுவும் கிடையாது. கலவரத்தின்போது அறியாமல் ஒரு வீட்டுக்குள் புகுந்துவிடும் இளைஞனின் முன்னே, தன் குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு சிறுபெண் தன் ஆடையைக் களையத் தொடங்கும் இடத்தைப் படித்தவர்கள், அந்த இளைஞனோடு சேர்ந்து கூசிப்போவார்கள். 1948இலேயே ஓர் அறிக்கையை அவரிடமிருந்து யாரேனும் வாங்கியிருந்தால் அது இன்று யாருக்கு நினைவிருக்கும்?

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், நீங்கள் எந்தக் கட்சி?

பதில்: வாக்குச்சாவடியில் மறைப்பு வைத்திருப்பது என்னைப் போன்றவர்களுக்காகத்தான். என் கட்சியைத் தெரிந்துகொண்டு என் பதில்களைப் படிப்பதைவிட, தெரியாமல் படிப்பது உங்களுக்கும் சுவையாக இருக்கும்.

கேள்வி: அரசியல் நாவல் எனப்படும் பலவற்றில் நல்லவர்கள் எல்லாம் ஒரு பக்கமும் கெட்டவர்கள் எல்லாம் மறுபக்கமும் நிற்கிறார்கள். அரசியல் நுழைந்தாலே புனைவு பிரச்சாரமாகிவிடும் என்பதைத்தானே இது காட்டுகிறது?

பதில்: நோய் உண்மையானது; காரணம் வேறு. மாமியார்கள் அனைவரும் கொடியவர்களாகவும் மருமகள்கள் அனைவரும் கண்ணீர் வடிப்பவர்களாகவும் வரும் குடும்பக் கதையும் பிரச்சாரமே, அதில் கட்சிக் கொடி எதுவும் பறக்காவிட்டாலும். எழுதத் தொடங்குமுன்பே விடையைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதும்போது எதனாலும் அதை மாற்றிக்கொள்ள மறுக்கிறவர் எந்தப் பொருளை எடுத்தாலும் பிரச்சாரத்தில்தான் போய் முடிவார்.

தாகூர் 1905இல் வங்கப் பிரிவினை எதிர்ப்பு இயக்கத்தில் முன்னின்று பங்கெடுத்துவிட்டு, பிறகு அதிலிருந்து விலகியவர். 1916இல் நூலாக வந்த ‘கரே பைரே’ (வீடும் வெளியும்) நாவலில் அந்த விலகலுக்கான காரணங்கள் இருக்கின்றன. அயல்துணியைக் கொளுத்தும்போது எரிவது ஏழை வியாபாரியின் பிழைப்பும்தான் என்பது அவற்றில் தலையாயது. ஆயினும் அவர் தமக்கு உடன்பாடில்லாத சந்தீப் என்னும் தலைவனை வெளியிலிருந்து வருணித்துத் தள்ளிவிடவில்லை. நிலக்கிழார் நிகிலேஷ், அவன் மனைவி பிமலா, சந்தீப் ஆகிய மூவரும் மாறிமாறித் தம் குரலிலேயே கதையைச் சொல்கிறார்கள். பிமலா ஏன் அவன்பால் மயங்கினாள் என்பது அவன் பேச்சைக் கேட்ட வாசகருக்கும் விளங்குகிறது. கடைசிப் பகுதிகளில் தாகூர் அவனைக் கொஞ்சம் மலிவாக்கிவிட்டார் என்பது என் கருத்து. எதிராளிக்கு இடம் கொடுக்கத் தொடங்கிய எழுத்தாளர் பாதியில் கை தளர்ந்த இடம் அது. (ஹங்கேரியத் திறனாய்வாளர் லூகாச் 1922இல் இந்த நாவலைக் கடுமையாகத் தாக்கி எழுதியபோது, சந்தீப்பைக் காந்தியின் கேலிச்சித்திரமாக எடுத்துக்கொண்டார். காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியதே 1915இல்தான். நாவல் பேசும் சுதேசி இயக்கமோ அதற்கு முந்தியது. அரசியல் சினத்தோடு புத்தகத்தைத் திறந்தால் பேரறிஞருக்கும் இப்படி நேரும்.)

தமிழில் இதே விவாதம் ‘குருதிப்புனல்’ பற்றி எழுந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட கொடுமையைப் பின்னணியாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி எழுதிய இந்த நாவல், 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நிலவுடைமையாளரின் கொடூரத்துக்கு வேராக அவருடைய ஆண்மைக்குறையை நாவல் காட்டுவதை இடதுசாரித் திறனாய்வாளர்கள் ஏற்கவில்லை. கூலிக்கும் சாதிக்குமான போராட்டத்தைத் தனிமனித மனநோயாகச் சுருக்கிவிட்டார் என்றார்கள். அந்தக் குற்றச்சாட்டில் கனம் இருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். அதே சமயம், அது எழுத்தாளரின் பிறப்பையோ நட்பையோ துருவாமல், நாவலுக்குள் ஒரு பாத்திரம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கொண்டே எழுப்பப்பட்ட குற்றச்சாட்டு என்பதால், நாவலை விரும்புகிறவரும் அதற்குப் பதில் தேட வேண்டியிருக்கிறது. அரசியல் நோக்கிலான விமர்சனம் இலக்கிய விமர்சனத்துக்கு வெளியே நிற்பது என்று சொல்பவர்களுக்கு இதை எடுத்துக்காட்டலாம்.

கேள்வி: எழுத்தாளரின் அரசியல் அருவருப்பூட்டினால் அவருடைய நூல்களை ஒதுக்கிவிடலாமா?

பதில்: ஒதுக்க உங்களுக்கு உரிமை உண்டு, ஒதுக்கினால் இழப்பும் உண்டு. நார்வே நாட்டின் நட் ஹாம்சன் 1920இல் நோபல் பரிசு பெற்றவர். ஜெர்மானியர் தம் நாட்டைப் பிடித்தபோது அவர்கள் பக்கம் நின்று, 1943இல் தம் நோபல் பதக்கத்தை ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்சுக்கே பரிசளித்து, 1945இல் ஹிட்லர் இறந்ததும் புகழஞ்சலி எழுதினார். இதற்குச் சமாதானம் எதுவும் கிடையாது. ஆனால் 1890இல் அவர் எழுதிய ‘பசி’ நாவலில், சாப்பாட்டுக்கு வழியில்லாத ஒருவனின் மனம் நொடிக்கு நொடி தாவுவதைக் காட்டியிருக்கும் விதம் அதனால் பொய்யாகிவிடவில்லை. இரண்டையும் ஒரே சமயத்தில் நினைவில் வைத்துக்கொண்டு படிப்பது சங்கடமானது. நான் அந்தச் சங்கடத்தோடுதான் படிக்கிறேன்.

கேள்வி: மரியாதையோடு முரண்படுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறீர்கள். அரசியலில் அப்படி யாராவது செய்து காட்டியிருக்கிறார்களா?

பதில்: செய்து காட்டியவர்களில் காந்தியும் தாகூரும் முதன்மையானவர்கள். 1921இல் ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தில் இருந்தபோது, ஒரே குரலுக்கு எல்லாரும் கேள்வியின்றிக் கட்டுப்படுவதும், எல்லாச் சிக்கலுக்கும் இராட்டையே மருந்து என்பதும் அறிவை அடகு வைப்பது என்று தாகூர் ‘மாடர்ன் ரிவ்யூ’ இதழில் எழுதினார். காந்தி தம் ‘யங் இந்தியா’வில் பதில் எழுதியபோது, அந்தக் கட்டுரைக்கு ‘மாபெரும் காவலர்’ என்று தலைப்பிட்டார். தம்மைக் கண்டித்தவரை, தூங்கிவிடாமல் நம்மைக் காக்கிறவர் என்று போற்றிவிட்டு, அதன் பிறகே மறுப்பைத் தொடங்குகிறார். மறுப்பில் தயவு தாட்சண்யம் கிடையாது. பட்டினி கிடக்கும் மக்களுக்குக் கடவுள் காட்சி தருவதானால் வேலையாகவும் அந்த வேலைக்குக் கிடைக்கும் உணவாகவுமே தர முடியும் என்று, கவிஞரின் வாதத்தை அதன் அடிவேரிலேயே எதிர்கொள்கிறார். 1925இல் இதே விவாதம் மறுபடியும் எழுந்தது. தாகூர் பொறாமையால்தான் இப்படி எழுதுகிறார் என்று பரவிய பேச்சையும் காந்தி தம் பதிலில் எடுத்து, அத்தகைய சந்தேகம் சகிப்பின்மையையே காட்டுகிறது என்று கண்டித்தார். தம் பக்கத்து ஆட்களைத் தாமே கண்டித்தார் என்பதைக் கவனியுங்கள். இன்று அரிதாகிவிட்டது அதுதான்.

எனக்கு இவற்றைவிடப் பெரிதாகத் தோன்றுவது 1934இல் நடந்தது. அந்த ஆண்டு ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை அது என்று காந்தி திருநெல்வேலியில் பேசினார். தாகூரும் தீண்டாமையை எதிர்த்தவரே. இருந்தும் இயற்கை நிகழ்வை அறத்தோடு முடிச்சுப் போடும் இந்தத் தர்க்கம் மக்களின் பகுத்தறிவைக் கெடுக்கும் என்று கருதி மறுப்பு எழுதினார். எழுதியதைப் பத்திரிகைகளுக்கு அவர் அனுப்பவில்லை. காந்திக்கே அனுப்பி, நீங்கள் இப்படிச் சொன்னதாகச் செய்தியில் பார்த்தேன், நம்புவதற்குக் கடினமாக இருக்கிறது, செய்தி சரியானதாக இருந்தால் மட்டும் இந்த மறுப்பை நீங்களே பத்திரிகைகளுக்கு அனுப்பிவிடுங்கள், நடக்காத ஒன்றை வைத்து உங்களைக் குறை கூற நான் விரும்பவில்லை என்ற பொருள்பட ஒரு கடிதமும் இணைத்திருந்தார். காந்தி அதைத் தம் ‘ஹரிஜன்’ இதழில் முழுவதுமாக வெளியிட்டு, தம் நிலையிலிருந்து அணுவளவும் இறங்காத பதிலையும் உடன் எழுதினார். (காந்தியின் தர்க்கம் எனக்கு இன்றுவரை ஏற்புடையதாக இல்லை.) இருவரில் யாரும் மனம் மாறவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1936இல், முதிய வயதில் தாம் நிறுவிய விசுவபாரதி கல்வி நிறுவனத்துக்கு நிதி திரட்ட ஊர் ஊராக நாடகக் குழுவோடு அலைந்துகொண்டிருந்த தாகூருக்கு 60,000 ரூபாய் நன்கொடை கிடைக்க ஏற்பாடு செய்தவர் காந்திதான்.

எல்லா நட்பும் இப்படி நிலைப்பதில்லை. பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தரின் இதழில் தம் நூலுக்கு வந்த மதிப்புரை குறித்து 1952இல் அவருடைய நண்பரான நாவலாசிரியர் காம்யு எழுதிய பதில் ‘இதழாசிரியர் அவர்களுக்கு’ என்று விலகலாகத் தொடங்கியது. சார்த்தர் அதற்கு எழுதிய மறுமொழியோடு அவர்கள் உறவு முறிந்தது. 1960இல் காம்யு விபத்தில் இறந்தபோது சார்த்தர் எழுதிய அஞ்சலி நெகிழ்ச்சியானது என்பது உண்மையே. ஆனால் அதைப் படிக்கக் காம்யு இல்லை.

கேள்வி: நீங்கள் போற்றும் இந்த மரியாதை, வலியவர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் ஆடம்பரம் அல்லவா? அடிபடுகிறவன் அடிக்கிறவனிடம் பணிவாகப் பேச வேண்டும் என்பது அநீதியோடு செய்துகொள்ளும் சமரசம் ஆகாதா?

பதில்: வந்த கேள்விகளில் இதுவே கடினமானது. அடிபடுகிறவர் எந்தத் தொனியில் கத்த வேண்டும் என்று பாடம் நடத்த எனக்குத் தகுதியில்லை. அவருடைய சினத்தில் இலக்கணப் பிழை தேடுகிறவர்கள் பெரும்பாலும் அடிக்கிறவருக்குத்தான் உதவுகிறார்கள். நான் சொல்வது, இரு தரப்பும் பேசுவதற்குச் சுதந்திரம் பெற்று, எழுத்தைக் கொண்டே மோதிக்கொள்ளும் இடத்தைப் பற்றி மட்டும். அந்த இடத்திலும் குரலைத் தாழ்த்தச் சொல்லவில்லை. ஒருவர் சொன்னதை அவர் சொன்னபடியே எடுத்துக்கொண்டு மறுப்பதே நான் கேட்பது. அப்படி எடுத்துக்கொண்ட பிறகு மறுப்பு எவ்வளவு கடுமையாக இருந்தாலும் தகும்.

மிரட்டலை முரண்பாட்டின் ஒரு வகையாகவே நான் எண்ணுவதில்லை. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ வெளிவந்த 2010இல் அதை எதிர்த்து யாரும் தெருவுக்கு வரவில்லை. 2014 இறுதியில் பிரதிகள் எரிக்கப்பட்டன. 2015 ஜனவரியில், சமாதானப் பேச்சு என்ற பெயரால் நடந்த கூட்டத்தில் வருத்தம் தெரிவிப்பதாக அவரிடம் கையெழுத்து வாங்கப்பட்டது. தமக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவர் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், பிடிக்காத புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிடலாம், படித்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று கூறி, அவரைத் திரும்ப எழுதச் சொன்னது. அந்த நாவல் ஒரு வட்டாரத்தின் வழக்கத்தைத் தவறாகக் காட்டிவிட்டது என்று கருதியவர்கள் அதை விரிவாக எழுதி மறுத்திருக்கலாம். அப்படி ஒரு கட்டுரை வந்திருந்தால் நானே விரும்பிப் படித்திருப்பேன். அந்தக் கையெழுத்தோ, படிப்பதற்கு எதையும் விட்டுவைக்கவில்லை.

கேள்வி: எழுதத் தொடங்கியிருக்கும் இளைஞன் நான். என் ஆசானாக நான் கருதும் மூத்த எழுத்தாளர் அண்மையில் எழுதிய அரசியல் கட்டுரை ஒன்று என்னை மிகவும் வருத்தியது. மறுத்து எழுதினால் நன்றி கெட்டவன் ஆவேனா?

பதில்: மாட்டீர்கள். கேள்வி கேட்க உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவராக இருந்தால், கேட்காமல் விடுவதுதான் அவருக்கு ஏமாற்றமாக இருக்கும். எழுதும்போது சிலவற்றைக் கவனியுங்கள். அவருடைய கட்டுரையின் மையமான வாதத்தை முதலில் உங்கள் சொற்களில் ஒரு பத்தியாக எழுதி, அவரே படித்தாலும் ‘ஆம், நான் சொன்னது இதுதான்’ என்று ஒப்புக்கொள்வாரா என்று பாருங்கள். ஒப்புக்கொள்ளமாட்டார் என்று தோன்றினால் மறுப்பை எழுதும் நேரம் இன்னும் வரவில்லை. ஒரு வரியை மட்டும் வெட்டியெடுத்துக் காட்டாமல், அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றையும் கொடுங்கள். பணத்துக்காக எழுதினார், பதவிக்காக எழுதினார் என்ற உள்நோக்கங்களை, சான்று இல்லாதவரை, தொடாதீர்கள். அவருடைய நாவல்களை நீங்கள் எவ்வளவு நேசிக்கிறீர்கள் என்று இரண்டு பக்கத்துக்குப் புகழ்ந்துவிட்டுப் பிறகு ‘ஆனால்’ என்று தொடங்குவதும் வேண்டாம். அவருக்கும் அது சங்கடம், படிப்பவர்களுக்கும் சலிப்பு.

வெளியிடுவதற்கு முன் அவருக்கு ஒரு படி அனுப்பிவிடுங்கள். அவர் பதில் எழுதினால், உங்கள் கட்டுரைக்கு அருகிலேயே அதையும் வெளியிடும்படி ஆசிரியரைக் கேளுங்கள். பதில் எழுதாமல் போனால் அதைக் கோழைத்தனம் என்றோ ஆணவம் என்றோ குறிப்பிட்டு இரண்டாவது கட்டுரை எழுதாதீர்கள். மூத்த எழுத்தாளர்களுக்கு வேலை இருக்கும். அவருடைய பதில் உங்கள் வாதத்தில் ஓர் ஓட்டையைக் காட்டினால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு மீதியை வெளியிடுங்கள்.